துக்க வீட்டுக்குப் போகும் உருளைக்கிழங்கு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், அடக்கம் முடிந்து திரும்புகிறவர்களுக்குத் தேவாலயக் கூடத்தில் மதியச் சாப்பாடு போடுவார்கள். அங்கே ஹாம் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) துண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு நீள்சதுரக் கண்ணாடி டிரே அநேகமாக இருக்கும். மேலே பொன்னிறத்தில் நொறுநொறுவென்று கார்ன்ஃப்ளேக்ஸ். கரண்டியை விட்டால் அடியில் சீஸில் தோய்ந்த உருளைக்கிழங்குத் துருவல். அதன் பெயரே ‘ஃப்யூனரல் பொட்டேட்டோஸ்’, துக்க வீட்டு உருளைக்கிழங்கு. பெயரில்தான் துக்கம். ஈஸ்டர், கிறிஸ்துமஸ் என்று நாலு பேர் கூடும் எல்லா விருந்துக்கும் இது வரும். 2002-இல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது வெளிவந்த நினைவு பின்களில் ஒன்று இந்தப் பண்டத்துக்கே போனது.

யூட்டாவில் ஏராளமாக வாழும் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையினரிடம் ‘ரிலீஃப் சொசைட்டி’ என்ற பெண்கள் அமைப்பு 1842 முதல் இருக்கிறது. சாவு விழுந்த வீட்டுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. நம் ஊரில் துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் காபியும் சாப்பாடும் கொண்டுவரும் என்பதைப் போலத்தான். அப்படிக் கொண்டுபோகும் பண்டத்துக்குச் சில தகுதிகள் வேண்டும். முதல் நாளே கலந்து வைக்க முடிய வேண்டும், காரில் குலுங்கினாலும் சிந்தக் கூடாது, பிரார்த்தனை நீண்டாலும் கெட்டுப்போகாமல் காத்திருக்க வேண்டும். பக்கத்து மாநிலமான ஐடஹோ உருளைக்கிழங்குக்குப் பேர்போனது என்பதால் மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை.

வழக்கமான அளவு இது: உறைந்த உருளைக்கிழங்குத் துருவல் (அங்கே ஹாஷ் பிரவுன் என்று பையில் விற்பது) 850 கிராம், சவர் கிரீம் (புளிக்கவைத்த பாலேடு) 450 கிராம், ‘கிரீம் ஆஃப் சிக்கன்’ சூப் ஒரு டப்பா, அதாவது சுமார் 300 கிராம், துருவிய செடார் சீஸ் 225 கிராம், உருக்கிய வெண்ணெய் 110 கிராம், சின்ன வெங்காயமாக இல்லாமல் பெரிய வெங்காயம் ஒன்று. மேலே தூவ இரண்டு கப் கார்ன்ஃப்ளேக்ஸும் இன்னும் 55 கிராம் வெண்ணெயும். 33 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலமுள்ள டிரேயில் இது நிறையும்; பக்க உணவாகப் பரிமாறினால் பன்னிரண்டு பேருக்குக் காணும்.

இந்தப் பட்டியலைச் சமையல்காரர் கண்ணால் பார்க்காமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். சவர் கிரீமிலும் சூப்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். சீஸில்கூட மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எல்லாம் சேர்ந்து ஒன்றேகால் லிட்டரைத் தாண்டும். இன்னொரு பக்கம் சீஸ், கிரீம், வெண்ணெய் மூன்றிலுமிருந்து வரும் கொழுப்பு கிட்டத்தட்ட கால் கிலோ. ஆக, ஒட்டாத இரண்டு பொருள்களை ஒரு மணி நேரம் சூட்டில் வைத்து, பிறகு மேசையில் இன்னொரு மணி நேரம் ஒற்றுமையாக இருக்கச் சொல்கிறோம். இந்தப் பண்டத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒற்றுமை குலைவதுதான்: அடியில் தண்ணீர் கட்டும், அல்லது ஓரத்தில் மஞ்சள் எண்ணெய் மிதக்கும்.

ஒற்றுமையைக் காப்பது அந்த டப்பா சூப். சமையலில் நாட்டமுள்ளவர்கள் அதை இளக்காரமாகப் பார்ப்பார்கள். சுவையைப் பொறுத்தவரை அதில் நியாயமும் உண்டு. ஆனால் வேலையைப் பொறுத்தவரை அது சூப்பே அல்ல, டப்பாவில் அடைத்த மாவுச்சத்து, அதாவது ஸ்டார்ச். 1897-இல் காம்ப்பெல் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜான் டோரன்ஸ், சூப்பில் தண்ணீரைக் குறைத்து விற்கும் முறையைக் கொண்டுவந்தார். வாங்குகிறவர் தண்ணீரைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் போதும். இந்தப் பண்டத்தில் தண்ணீரைச் சேர்க்காமல் அப்படியே போடுகிறார்கள். அதிலுள்ள கோதுமை மாவும் ஸ்டார்ச்சும் ஏற்கெனவே வெந்து உப்பியவை. கிழங்கும் கிரீமும் விடும் தண்ணீரை அவை பிடித்துவைக்கும்; கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று சேராதபடி இடையில் புகுந்து நிற்கும்.

மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. சவர் கிரீம் புளிப்பு, அதன் பிஎச் (புளிப்பை அளக்கும் எண்; குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறக்குறைய 4.5. பாலின் முக்கியப் புரதமான கேசீன் 4.6 பிஎச் அருகில் மின்னூட்டம் இழந்து, தனக்குள் ஒட்டிக்கொள்ளத் தயாராக நிற்கும். அந்த நிலையில் சூடேற்றினால் புரதம் இறுகிச் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். திரிதல் என்பது இதுதான். மோர்க்குழம்பு வைக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊறவைத்த அரிசியும் துவரம்பருப்பும் தேங்காயோடு அரைத்துக் கலப்பது ருசிக்காக மட்டும் அல்ல. அந்த அரைப்பு புரதத் துகள்களுக்கு இடையில் நின்று அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. அப்படியும் நுரைகட்டும்போதே இறக்கிவிடுகிறோம். யூட்டா டிரேயில் அரைப்பின் இடத்தில் இருப்பது டப்பா சூப்.

டப்பா கிடைக்காவிட்டால், அல்லது பிடிக்காவிட்டால், 30 கிராம் வெண்ணெயில் 30 கிராம் மைதாவை நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் வறுத்து, பாலும் சிக்கன் ஸ்டாக்கும் பாதிப்பாதியாக 300 மி.லி. சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். கொதி வந்து இரண்டு நிமிடம் கிளறியே ஆக வேண்டும். கோதுமை ஸ்டார்ச் முழுதாகக் கெட்டிப்படக் கிட்டத்தட்ட கொதிநிலை தேவை. பாதியில் இறக்கினால் மாவு வாசனையும் இருக்கும், பிடிமானமும் இருக்காது. சைவமாக வேண்டுமானால் ஸ்டாக்குக்குப் பதில் காளான் வெந்த தண்ணீர்.

சவர் கிரீமுக்கு மாற்றாக வீட்டுத் தயிரை அப்படியே ஊற்றுவது நம் சமையலறைகளில் நடக்கும் முதல் தவறு. அமெரிக்க விதிப்படி சவர் கிரீமில் குறைந்தது 18 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். தயிரில் அந்தக் கொழுப்பு கிடையாது. நீரும் புரதமும்தான் அதிகம். ஓவனில் அது மணல்மணலாகத் திரியும். துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்த புளிக்காத தயிர் 250 கிராமுடன் 200 மி.லி. ஃப்ரெஷ் கிரீம் கலந்தால் சவர் கிரீமுக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

இனி கிழங்கு. பச்சையாகத் துருவிப் போட்டால் வேகட்டுமே, ஒரு மணி நேரம் ஓவனில் இருக்கப்போகிறதே என்று தோன்றும். வேகாது. கிழங்கின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் கிழங்கு மெத்தென்று ஆகும். சுமார் 85 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது சுறுசுறுப்பாகக் கரையும். புளிப்பில் அந்தக் கரைதல் இன்னும் மெதுவாகும். புளிக்கரைசலில் பச்சைக் காய் வேகாமல் அடம்பிடிப்பது நமக்குத் தெரிந்ததே. டிரேயின் நடுப்பகுதி 85 டிகிரியைத் தொடுவதற்குள் மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் கரிந்திருக்கும். கூடவே, பச்சைத் துருவல் காற்றுப் பட்டதும் நொதிகளால் கறுக்கும்.

கடையில் வரும் உறைந்த துருவலைத் தொழிற்சாலையிலேயே வெந்நீரிலோ நீராவியிலோ அரைவேக்காடாக வைத்துத்தான் உறையவிடுகிறார்கள். அதனால் நொதிகள் செத்துவிடும், கிழங்கும் பாதி வெந்துவிடும். ஆனால் உறையும்போது பனிப் படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதால், உருகும்போது தண்ணீர் விடும். பையை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்து உருகவிட்டு, மெல்லிய துணியில் கொட்டி ஒரு முறுக்கு முறுக்கிப் பிழியுங்கள். பிழியாமல் போட்டதுதான் பல டிரேக்களின் அடியில் குளமாக நிற்கிறது.

வீட்டிலேயே செய்கிறவர்கள் 900 கிராம் கிழங்கைத் தோலோடு முழுதாக அவித்து, கத்தி நடுவில் லேசாகத் தடைப்படும்போதே எடுத்துவிட வேண்டும். குக்கரில் விசில் கணக்கு இங்கே ஆபத்து. ஆறியதும் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. குளிரும்போது வெந்த ஸ்டார்ச்சின் இழைகள் மறுபடி வரிசைகட்டி இறுகும். முதல் நாள் சோறு மறுநாள் உதிரியாக நிற்பதற்கும் இதுவே காரணம். மறுநாள் தோலுரித்துப் பெரிய துளையில் துருவினால் இழை இழையாக விழும். சூடாகத் துருவினால், அல்லது குழைய வேகவிட்டுக் கரண்டியால் அழுத்திக் கலந்தால், செல்கள் உடைந்து ஸ்டார்ச் வெளியே வந்து கோந்தாகிவிடும். பிறகு அதைக் காப்பாற்ற வழியே இல்லை.

வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி ஐந்து நிமிடம் வெண்ணெயில் வதக்கியே சேருங்கள். பச்சையாகப் போட்டால் புளிப்பில் கறுக்மொறுக்கென்று நின்றுவிடும், தண்ணீரும் விடும்.

சீஸ் விஷயத்தில் ‘நல்ல சீஸ் போட்டால் நன்றாக வரும்’ என்பது பாதிதான் உண்மை. செடாரின் உடல் என்பது கால்சியத்தால் ஒன்றோடொன்று கட்டப்பட்ட கேசீன் வலை. அதற்குள் கொழுப்பு சிறைப்பட்டிருக்கிறது. சூட்டில் கொழுப்பு முதலில் உருகும், பிறகு வலை தளர்ந்து வழியும். இன்னும் சூடேறினால் வலை சுருங்கி, கொழுப்பைக் கக்கும். ஒரு வருடத்துக்கு மேல் பழுத்த செடாரில் நொதிகள் புரதத்தை ஏற்கெனவே துண்டாடியிருக்கும். மணம் அபாரம், ஆனால் சீக்கிரம் எண்ணெய் பிரியும். இளம் செடார் இரண்டு பங்கு, பழுத்தது ஒரு பங்கு என்பது நல்ல சமரசம். மொசரெல்லா வேண்டாம், கரண்டியோடு கயிறாக இழுத்துக்கொண்டு வரும், ஆறினால் ரப்பர். பன்னீர் உருகவே உருகாது, ஏனென்றால் பாலை அமிலமும் சூடும் சேர்த்துத் திரித்தபோதே அந்தக் கால்சியக் கட்டு கலைந்து, புரதம் வேறு விதமாக இறுகிவிட்டது. நம் கடைகளில் கட்டியாக வரும் பதப்படுத்திய சீஸில் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் உண்டு. அவை கால்சியத்தை இழுத்துக்கொள்வதால் எண்ணெய் பிரியாமல் வழவழவென்று உருகும். ருசி கொஞ்சம் தட்டை, உப்பு அதிகம். டப்பா சூப்பிலும் உப்பு தாராளம். எனவே கலவையை ருசி பார்த்த பிறகே உப்பைத் தொடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

கலவைக்கு 110 கிராம் வெண்ணெய் என்பது பழக்கத்தால் வந்த அளவு, அவசியத்தால் அல்ல. 60 கிராம் போதும். மீதி 50 கிராம்தான் ஓரத்தில் மிதப்பது.

மேலே தூவும் கார்ன்ஃப்ளேக்ஸ், இயற்பியலாளர் கண்ணுக்கு ஒரு கண்ணாடி. வெந்து காய்ந்த ஸ்டார்ச்சில் ஈரம் மிகக் குறைவாக இருக்கும்வரை அதன் மூலக்கூறுகள் அசைய முடியாமல் உறைந்திருக்கும். கடித்தால் கண்ணாடி போலவே உடையும். சில சதவீதம் ஈரம் ஏறியதும் அதே பொருள் வளையத் தொடங்கும். பொரித்த அப்பளம் நமத்துப்போவது இதே மாற்றம். கையால் நொறுக்கிய செதில்களை உருக்கிய வெண்ணெயில் பிசிறி, எல்லாச் செதிலிலும் கொழுப்பு பூசுவது ஈரம் ஏறுவதைத் தாமதப்படுத்தத்தான். வெண்ணெயிலேயே சுமார் 16 சதவீதம் தண்ணீர் என்பதால் நெய்யில் பிசிறினால் இன்னும் மொறுமொறுப்பு. இதில் அமெரிக்கர்களைவிட நமக்கு ஒரு படி சௌகரியம். முதல் நாளே கலந்து வைக்கிறவர்கள் செதிலை மட்டும் தனிப் பையில் வைத்திருந்து ஓவனுக்குள் போகும்போது தூவ வேண்டும்.

ஓவன் 175 டிகிரி, மூடாமல் 45 முதல் 50 நிமிடம். மூடினால் நீராவி மூடியில் முட்டித் திரும்பச் செதிலின் மேலேயே சொட்டும். ஓரம் குமிழியிடுவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வெப்பம் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகத்தான் நகரும். நடுவில் வெப்பமானி 74 டிகிரி காட்ட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததென்றால் இன்னும் 15, 20 நிமிடம் கூடுதல். சில்லென்ற கண்ணாடி டிரேயை நேரே சூடான ஓவனில் வைத்தால் விரிசல் விடலாம், அரை மணி வெளியே வைத்துவிட்டு ஏற்றுங்கள். வெந்ததும் 15 நிமிடம் கை வைக்காதீர்கள். ஆற ஆறத்தான் ஸ்டார்ச் கெட்டிப்படும். உடனே கரண்டி விட்டவருக்குக் குழம்பு மாதிரிதான் வரும்.

எடுத்துப் போகும்போது அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்தி, கனமான துண்டில் சுற்றி, ஐஸ் இல்லாத கூலர் பெட்டிக்குள் வைத்தால் ஒரு மணி நேரப் பயணம் தாங்கும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு கணக்கு வேறு. பாலும் வெந்த கிழங்கும் பாக்டீரியாக்களுக்கு விருந்து என்பதால், இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அல்லது ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். மிச்சத்தை மைக்ரோவேவில் முழு வேகத்தில் சுட்டால் சீஸ் எண்ணெயைக் கக்கிவிடும். அரை வேகத்தில் சுட்டு, நடுவில் ஒருமுறை ஒரு கரண்டிப் பால் விட்டுக் கிளறினால் ஓரளவு சேர்ந்துவரும். நமத்த செதிலுக்கு மட்டும் தோசைக்கல்தான் மருந்து: வெட்டியெடுத்த பண்டத் துண்டைச் செதில் பக்கம் கீழே இருக்கக் கவிழ்த்துப் போட்டு, சிறு தீயில், அசைக்காமல் நாலைந்து நிமிடம்.