104 அடி நீர் இருந்தும் எடுக்க முடியாதா?

"முல்லைப் பெரியாறு அணையில் 104 அடிக்குத் தண்ணீர் நின்றாலும் தமிழகத்துக்கு வராது என்கிறார்களே, ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பாதி விடை எளிது. 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த இந்த அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வருகிறது. சுரங்கத்துக்குள் நீர் நுழையும் மட்டம் 104 அடி. அதற்குக் கீழே கிடப்பது தானாக ஏறி வராது. மேலே இருப்பதோ மலையிறங்கி, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு, கம்பம் பள்ளத்தாக்கு வயல்களுக்கும் வைகை அணைக்கும் போகிறது.

மறுபாதிதான் எனக்குப் பிடித்தது. முழு நீர்மட்டமான 152 அடியில் 104 அடி என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அத்தனை நீரும் கைக்கு எட்டாதா? அப்படியில்லை. முழுக் கொள்ளளவு சுமார் 15.66 டி.எம்.சி.; அதாவது 1,566 கோடி கன அடி. 104 அடிக்குக் கீழே இருப்பது ஏறக்குறைய 5.1 டி.எம்.சி. மூன்றில் ஒரு பங்குதான்!

பள்ளத்தாக்கு தொட்டி மாதிரி இருப்பதில்லை, அடியில் குறுகி மேலே போகப்போக விரிகிறது. மட்டம் உயரும்போது நீர்ப்பரப்பு இரு கரைகளிலும் அகலமாகிறது, ஆறு வந்த வழியே பின்னோக்கியும் நீள்கிறது. ஆழம், அகலம், நீளம் மூன்றும் சேர்ந்தே வளர்வதால் கொள்ளளவு ஏறக்குறைய ஆழத்தின் முப்படியாகக் கூடும். 104-ஐ 152-ஆல் வகுத்து, வரும் எண்ணை மும்முறை பெருக்கிப் பாருங்கள்: 0.32. அதே மூன்றில் ஒரு பங்கு! ஒரு காட்டுப் பள்ளத்தாக்கு பள்ளிக் கணக்குக்கு இவ்வளவு நெருங்கி வருவதை முதலில் கண்டபோது நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன்.

உச்ச நீதிமன்றம் 2014-இல் அனுமதித்த மட்டம் 142 அடி. அதற்கு மேல் மிச்சமிருக்கும் பத்தே அடி கிட்டத்தட்ட 2.9 டி.எம்.சி. கொள்ளும். அந்தப் பத்து அடிக்கு ஏன் இத்தனை வழக்கு என்பதில் இந்த வடிவத்துக்கும் பங்குண்டு.

அதனால்தான் "நீர்மட்டம் இத்தனை அடி" என்று மட்டும் செய்தி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்திலேயே டி.எம்.சி.யும் வர வேண்டும். வண்டல் படிந்தால் அடிவடிவம் மாறும். எல்லா அணைகளிலும் அதை அடிக்கடி அளக்க அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, மழைக்காலத்தில் ஒன்றைக் கவனியுங்கள். வெளியேறுவது போக விநாடிக்கு 1,700 கன அடி தங்கினால், 105 அடியில் இருக்கும் அணை ஒரே நாளில் ஓர் அடி ஏறும். 142-ஐ நெருங்கும்போது அதே நீருக்கு அரை அடிதான் ஏறும். மழை குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், பள்ளத்தாக்கு அகலமாகிவிட்டது.