எபோக் என்பது யுகம் இல்லை, முதற்கணம்

செயலியில் ஒரு பில்லைத் திறந்தால், தேதி இருக்க வேண்டிய இடத்தில் '1970 ஜனவரி 1, காலை 5.30' என்று நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தத் தேதியில் நீங்கள் எதுவும் வாங்கவில்லை. நிரலின் கைக்கு வந்த எண் சுழியம், அவ்வளவுதான். காலக் கணக்கில் அந்தச் சுழியம் நிற்கிற இடத்துக்குத்தான் எபோக் என்று பெயர். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கணக்கில் அது 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு. இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுவதால் நமக்குக் காலை 5.30 என்று தெரிகிறது.

இதைத் தமிழில் எழுதுகிறவர்கள் யுகம், ஊழி, சகாப்தம் என்றெல்லாம் போடுகிறார்கள். அகராதி அப்படித்தான் சொல்கிறது, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் யுகம் நீண்டு கிடக்கிற காலம். நிரலில் வருகிற எபோக்குக்கு நீளமே கிடையாது, அது ஒரு புள்ளி. 'யுனிக்ஸ் யுகம்' என்று படிக்கிற மாணவர் ஏதோ பழைய கணினிக் காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார், விஷயம் புரியவே புரியாது.

சொல்லின் வேர் கிரேக்க 'எபொகே'. பிடித்து நிறுத்துவது, நிறுத்தம் என்று பொருள். வானியலாளர்கள் அதை எடுத்து, கணக்கு தொடங்குவதற்காகக் காலத்தில் நிறுத்தி வைத்த ஒரு குறிக்குப் பெயராக்கினார்கள். பழங்கால வானியலாளர் தாலமி தன் கோள் கணக்குகளுக்கெல்லாம் பாபிலோனிய மன்னன் நபோனாசர் ஆட்சி தொடங்கிய கி.மு. 747-ஐத்தான் அப்படிக் குறியாக வைத்துக்கொண்டார். அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு காலத்தின் தொடக்கம் என்ற பொருள் நழுவி அந்தக் காலம் முழுவதையும் குறிக்க ஆரம்பித்தது. நம் அகராதிகள் பிடித்துக்கொண்டது இந்தப் பிந்தைய பொருளை. நிரலாளர்கள் வைத்திருப்பது பழையதை.

குறியை எங்கே வைப்பது என்பது அவரவர் வசதி. விண்டோஸ் 1601 ஜனவரி 1-இல் வைத்து, நொடியைக் கோடிப் பங்காக்கி எண்ணுகிறது. ஜிபிஎஸ் 1980 ஜனவரி 6-இல் வைத்திருக்கிறது. யுனிக்ஸே 1971-இல் வந்தபோது அந்த ஆண்டு ஜனவரி 1-இலிருந்து நொடியில் அறுபதில் ஒரு பங்காக எண்ணியது. 32 பிட்டில், அதாவது 32 இரும இலக்கங்களில், அந்த எண்ணிக்கை சுமார் இரண்டே கால் ஆண்டில் நிரம்பிவிடும் என்பதால் பிறகு முழு நொடிக்கு மாற்றினார்கள், குறியும் 1970-க்குப் போனது. அந்த 32 பிட் நொடிக் கணக்கும் 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு நிரம்புகிறது.

ஆகவே, கணினி வைத்திருக்கும் ஒரு நேரத்தைப் படிக்க இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எங்கிருந்து எண்ணினார்கள், எந்த அலகில் எண்ணினார்கள். 1700000000 என்ற எண்ணை நொடியாக எடுத்தால் 2023 நவம்பர் 15, அதிகாலை 3.43. அதையே ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் அப்படியே கொடுத்தால், அது மில்லி நொடி (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று எடுத்துக்கொண்டு 1970 ஜனவரி 20 இரவு 9.43 என்று காட்டும். ஒருமுறை ஓர் அறிக்கையில் எல்லா வரியும் 1970 ஜனவரியாகவே வந்தபோது, நேர மண்டலத்தில்தான் பிழை என்று நான் அரை நாள் தேடினேன். ஆயிரத்தால் பெருக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

துல்லியம் கூடக் கூட இன்னொரு சிக்கல் வரும். பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான நேர அழைப்பு தசம எண்ணாகத் தருவதால், இன்றைய தேதிக்கு அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே சுமார் 238 நானோ நொடி (நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) இடைவெளி விழுகிறது. அதற்குக் கீழே உள்ளது தொலைந்துபோகும். அதனால்தான் 3.7 பதிப்பில் நானோ நொடியை முழு எண்ணாகவே தரும் அழைப்பைச் சேர்த்தார்கள். 64 பிட் முழு எண்ணில் நானோ நொடியை வைத்தால் குறியிலிருந்து முன்னும் பின்னும் 292 ஆண்டு போகலாம், 1677-இலிருந்து 2262 வரை. இதில் 1970-க்கு முந்தியதெல்லாம் கழித்தல் எண்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தொடக்க நேரம்' என்றால் கூட்டம் எத்தனை மணிக்கு என்கிற தொடக்க நேரத்தோடு குழம்பும். நான் 'முதற்கணம்' என்று எழுதுகிறேன். 'இன்று முதல்', 'தை முதல்' என்று சொல்கிறோமே, அந்த 'முதல்' தான் இது. அதற்கு முன்னால் எதுவும் இல்லை என்று அது சொல்வதில்லை, எங்கிருந்து எண்ணுகிறோம் என்று மட்டும் சொல்கிறது. 1969-இன் கழித்தல் எண்கள் அதனால் உறுத்தாது.

நம் பஞ்சாங்கக் கணிதர்களுக்கு இந்த எண்ணம் புதிதே இல்லை. அவர்களுடைய கலி நாள் கணக்கு கி.மு. 3102 பிப்ரவரியில் ஒரு முதற்கணத்தை வைத்து, அன்று முதல் நாள்களை வரிசையாக எண்ணிக்கொண்டே வருகிறது. நள்ளிரவில் நாள் தொடங்கும் முறையைக் கொண்டால், யுனிக்ஸ் நொடியோடு இந்திய நேரத்துக்கான ஐந்தரை மணியை (19800 நொடி) சேர்த்து, ஒரு நாளின் நொடிகளான 86400-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, 1852122-ஐக் கூட்டுங்கள். கலி நாள் வந்துவிடும்.