திரையில் தெரியும் மூக்கும் அறுவைக்குப் பின் அமையும் மூக்கும்

மூக்கைச் சீர்செய்துகொள்ள விரும்பிப் பாளையங்கோட்டையில் என்னைப் பார்க்க வருபவர்களில் பலர், உட்கார்ந்ததுமே கைபேசியில் ஒரு செல்ஃபியைக் காட்டி, "எம்புட்டு அகலமா இருக்கு பாருங்க, டாக்டர்" என்கிறார்கள். அந்தப் படத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. சுமார் 30 சென்டிமீட்டர் தொலைவில் எடுக்கும் செல்ஃபி, ஒன்றரை மீட்டர் தொலைவில் எடுக்கும் படத்தைவிட மூக்கின் அடிப்பகுதியை ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2018-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

முப்பரிமாணப் படம் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு நீக்குகிறது. பல கோணங்களில் பொருத்திய கேமராக்கள் கண் இமைக்கும் நேரத்துக்குள் முகத்தைப் பதிவுசெய்ய, கணினி அவற்றை இணைத்து, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையோடு முகத்தின் மேற்பரப்பை உருவாக்குகிறது. எக்ஸ்ரே கதிர் இதில் இல்லாததால், அறுவைக்கு முன்னும் பின்னும் எத்தனை முறையும் எடுத்து ஒப்பிடலாம். தலைமுடியும் பளபளப்பும் மட்டும் இந்தக் கருவிக்கு ஆகாது. எனவே கூந்தலை இறுகக் கட்டி, முகத்து எண்ணெயை ஒற்றியெடுத்து, மூக்குத்தியையும் கழற்றச் சொல்கிறோம். சில தாய்மார்கள் மூக்குத்தியைக் கழற்றத் தயங்குவது இயல்புதான்.

தோலுக்கு அடியில் இருப்பதை இந்தப் படம் காட்டாது. இரு மூக்குத் துளைகளையும் உள்ளே பிரிக்கும் நடுத்தண்டு வளைந்திருக்கிறதா என்பதை உள்ளே பரிசோதித்தும், தேவையானால் சி.டி. ஸ்கேன் எடுத்தும்தான் அறிய முடியும். நான்குவழிச் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து கன்ன எலும்பு உள்ளே அமுங்கி வருகிறவர்களுக்கு, சி.டி. படத்தில் நல்ல பக்கத்தைக் கணினியில் இடவலமாகத் திருப்பி, உடைந்த பக்கத்தின்மேல் பொருத்திப் பார்த்தால், எலும்பை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது தெளிவாகும். இந்தத் தொழில்நுட்பத்தின் பெரும்பயன் அழகைவிட இங்கேதான் என்பது என் கருத்து.

சிக்கல், திரையில் மூக்கைச் செதுக்கிக் காட்டும்போது தொடங்குகிறது. சுட்டியை நகர்த்தினால் நுனி கூர்மையாகிவிடும். ஆனால் அந்த மென்பொருளுக்கு உங்கள் தோலின் தடிமனோ, குருத்தெலும்பின் வலுவோ, புண் ஆறும்போது தழும்பு எப்படிச் சுருங்கும் என்பதோ தெரியாது. தடித்த தோல் உள்ளவர்களுக்கு உள்ளே எவ்வளவு செதுக்கினாலும் வெளியே அதே அளவு கூர்மை வராது. அளவுக்கு மீறிக் குருத்தெலும்பை அகற்றினால் பக்கச் சுவர் வலுவிழந்து மூச்சுவிடுவதே சிரமமாகலாம். ஆகவே திரையில் காட்டும் உருவத்தை, மருத்துவரும் நீங்களும் ஒரே மாற்றத்தைத்தான் மனத்தில் வைத்திருக்கிறீர்களா என்று சரிபார்க்கும் வழியாகக் கொள்ளுங்கள். முடிவுக்கான உத்தரவாதமாகக் கொள்ளாதீர்கள். அந்த உருவத்தில் எதை அறுவையில் கொண்டுவர இயலாது என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தை முகூர்த்தத்துக்குள் முடித்துத் தாருங்கள் என்று கார்த்திகையில் வந்து கேட்கும் பெற்றோரிடம், வீக்கத்தின் பெரும்பகுதி சில வாரங்களில் வடிந்தாலும், நுனி தன் இறுதி வடிவத்துக்கு வர ஓராண்டுகூட ஆகலாம் என்றே சொல்கிறேன்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போது, படம் சிகிச்சைக்கு மட்டுமா, விளம்பரத்துக்குமா என்று பாருங்கள். சாதாரணப் புகைப்படத்தில் கண்ணை மறைப்பதுகூட முழுப் பாதுகாப்பாகாது. எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கக்கூடிய முப்பரிமாண முகத்தில் ஆளை மறைப்பது இன்னும் கடினம். விளம்பரத்துக்கு விருப்பமில்லையென்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம். அதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது.