அமெரிக்காவில் ஒரு பாட்டு ‘விற்றது’ என்றால் என்ன? பிரிட்டன் பாடல்களின் கணக்கு

எல்டன் ஜானின் ‘கேண்டில் இன் த விண்ட் 1997’ அமெரிக்காவில் 11 மடங்கு பிளாட்டினம் என்ற விற்பனைச் சான்றிதழ் பெற்றது. அதாவது 1 கோடியே 10 லட்சம் பிரதிகள். அதே நாட்டில், அதே பாட்டுக்கு, கடைகளில் பில் போட்ட கணக்கைக் கூட்டினால் வருவது சுமார் 88 லட்சம்தான். இரண்டில் ஒன்று பொய் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வெவ்வேறு பொருளை எண்ணுகின்றன.

பிளாட்டினம் தருவது அமெரிக்க ஒலிப்பதிவுத் துறைச் சங்கம், சுருக்கமாக ஆர்.ஐ.ஏ.ஏ. இசைத்தட்டுக் காலத்தில் அது பார்த்தது கம்பெனி கடைகளுக்கு அனுப்பிய சரக்கை. திரும்பி வந்ததைக் கழித்துக்கொள்வார்கள். மற்ற எண் சவுண்ட்ஸ்கேன் அமைப்புடையது. கல்லாவில் பார்கோடு வருடப்படும்போது ஒன்று கூடும். ஆனால் எல்லாக் கடையும் அந்த வலைக்குள் இல்லை. விடுபட்டவற்றை மதிப்பிட்டுத்தான் சேர்த்தார்கள். கடை அலமாரியில் விற்காமல் கிடக்கும் தட்டு முதல் கணக்கில் உண்டு, இரண்டாவதில் இல்லை. பிரிட்டன் இளவரசி டயானாவின் நினைவாக, அவருடைய இறுதிச் சடங்கு முடிந்த சில வாரங்களில் வந்த எல்டன் ஜானின் அந்தத் தட்டு முதல் வாரத்திலேயே 34 லட்சத்துக்கு மேல் விற்றது. அப்படிப்பட்ட வேகத்தில் கடைகள் கையிருப்பை அளவுக்கு மீறி வாங்கிக் குவிப்பது இயல்பு.

அடுத்த சிக்கல் அளவுகோலே மாறியது. 1958இல் தங்கத் தட்டு என்ற சான்றிதழ் தொடங்கியபோது ஒரு சிங்கிள், அதாவது ஆல்பமாக இல்லாமல் தனிப் பாட்டாக வரும் தட்டு, 10 லட்சம் போக வேண்டும். 1976இல் பிளாட்டினம் வந்தது. அதற்கு 20 லட்சம். 1989இல் இரண்டையும் பாதியாகக் குறைத்தார்கள்: தங்கம் 5 லட்சம், பிளாட்டினம் 10 லட்சம். 1999இல் 1 கோடிக்கு டைமண்ட். ஆகவே பீட்டில்ஸின் ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ 1964 பிப்ரவரியில் வாங்கிய தங்கம், 1990இல் யாரோ வாங்கிய தங்கத்தைவிட இரு மடங்கு கனமானது. பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். இன்னொன்றும் உண்டு: சான்றிதழ் தானாக வராது. கம்பெனி விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, தணிக்கைக்குக் கணக்கைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்காத பாட்டு எவ்வளவு விற்றிருந்தாலும் பட்டியலில் சிறியதாகவே நிற்கும்.

2003இல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் இணையக் கடை பாட்டு ஒன்றை 99 சென்டுக்கு விற்கத் தொடங்கியதும் கணக்கு கொஞ்ச காலம் தெளிவானது. சரக்கு இல்லை, திரும்புதல் இல்லை, ஒரு டவுன்லோட் ஒரு விற்பனை. அடேலின் ‘ரோலிங் இன் த டீப்’ இந்தக் காலத்தின் பாட்டு. அமெரிக்காவில் 80 லட்சத்துக்கு மேல் டவுன்லோட் ஆனது. என் பார்வையில், ஒருவர் காசு கொடுத்தார் என்று நேராகச் சொல்லும் எண்களில் இதைவிடச் சுத்தமானது கிடையாது.

ஸ்ட்ரீமிங் வந்ததும் கேள்வியே மாறிவிட்டது. தட்டு வாங்கியவர் அதை ஆயிரம் முறை போட்டாலும் கணக்கில் ஒன்றுதான். ஸ்ட்ரீமிங்கிலோ ஒவ்வொரு முறை கேட்பதும் பதிவாகிறது. 2013இல் ஆர்.ஐ.ஏ.ஏ. 100 ஸ்ட்ரீமை ஒரு விற்பனை அலகாக ஏற்றது. 2016இல் அதை 150 ஆக்கியது. அமெரிக்காவுக்குள் கேட்கப்பட்டவை மட்டுமே சேரும். ஒரு பாட்டு 40 லட்சம் டவுன்லோடும் 90 கோடி ஸ்ட்ரீமும் பெற்றதாக வைத்துக்கொள்வோம். 90 கோடியை 150ஆல் வகுத்தால் 60 லட்சம். கூட்டினால் சரியாக 1 கோடி, டைமண்ட். 100ஆல் வகுத்திருந்தால் அதே பாட்டு 1 கோடியே 30 லட்சம் ‘விற்றிருக்கும்’. எட் ஷீரனின் ‘ஷேப் ஆஃப் யூ’ 2017 ஜனவரியில் வெளியாகி 2019 ஜனவரியில் டைமண்ட் பெற்றது. அது டவுன்லோடும் ஸ்ட்ரீமும் கலந்த எண். எல்டன் ஜானின் 1 கோடியே 10 லட்சத்தோடு அதை ஒரே தராசில் வைக்க முடியாது.

பில்போர்ட் இதழின் வாராந்தரப் பாடல் பட்டியலான ஹாட் 100 வேறு கருவி. அது மொத்தத்தைக் கூட்டுவதில்லை. ஒரு வாரத்தில் விற்பனை, வானொலி ஒலிபரப்பு, ஸ்ட்ரீமிங் மூன்றையும் எடையிட்டு வரிசைப்படுத்துகிறது. கட்டணச் சந்தாதாரர் கேட்பதற்கு, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பதைவிட எடை அதிகம். 1991 நவம்பர் வரை விற்பனைப் பகுதி கடைக்காரர்கள் சொன்ன தகவலை நம்பியே ஓடியது. எது நன்றாகப் போகிறது என்று அவர்கள் சொல்லுவார்கள். நினைவும் விருப்பமும் அதில் கலந்துவிடும்.

1964 ஏப்ரல் 4 வாரத்தில் முதல் ஐந்து இடங்களும் பீட்டில்ஸுக்குப் போனது அந்த முறையில்தான். அந்த ஐந்து பாட்டும் கேப்பிட்டல், டோலி, ஸ்வான், வீ-ஜே என்று நான்கு இசைத்தட்டு முத்திரைகளில் (லேபிள்களில்) வெளியானவை. தொடக்கத்தில் கேப்பிட்டல் வேண்டாம் என்று விட்ட பாடல்களின் உரிமையைச் சிறு கம்பெனிகள் எடுத்திருந்தன. குழு புகழ் பெற்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தட்டுகளைச் சந்தையில் இறக்கினார்கள். இன்று ஒரு ஆல்பம் வெளியான வாரத்தில் அதன் பாடல்கள் பலவும் சேர்ந்தே பட்டியலில் ஏறலாம். தனித் தட்டு தேவையில்லை, கேட்டாலே போதும். மெதுவாக ஏறுவதும் நடக்கிறது: கிளாஸ் அனிமல்ஸ் குழுவின் ‘ஹீட் வேவ்ஸ்’ 2020 கோடையில் வந்து, பட்டியலில் 59ஆம் வாரத்தில், 2022 மார்ச்சில் முதலிடம் தொட்டது.