கரிமச் சுவடு: சொல் விளக்கம்

ஓர் அமைப்பின் செயல்களால் நேரடியாகவும் பிறர் வழியாகவும் வளிமண்டலத்தில் சேரும், வெப்பத்தைப் பிடித்துவைக்கும் பசுங்குடில் வாயுக்களின் மொத்த அளவே ஆங்கிலத்தில் ‘கார்பன் ஃபுட்பிரிண்ட்’ எனப்படுகிறது. மீத்தேன் முதலிய வாயுக்களும் அவற்றின் வெப்பமூட்டும் திறனுக்கேற்பக் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாக மாற்றப்பட்டு, டன் கணக்கில் கூட்டப்படுகின்றன.

‘கார்பன்’ என்பதன் வேர், கரியைக் குறிக்கும் ‘கார்போ’ என்னும் இலத்தீன் சொல்; 1787இல் லவாய்சியே உள்ளிட்ட பிரெஞ்சு வேதியியலாளர்கள் வகுத்த பெயரிடல் முறையில் அது தனிமத்தின் பெயராயிற்று. தமிழிலும் கரியிலிருந்தே ‘கரிமம்’ பிறந்தது. ‘கரிம வேதியியல்’ போன்ற தொடர்களில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் இருப்பதால் பாடநூல்கள் தனிமத்தைக் ‘கார்பன்’ என்றே எழுதுகின்றன, அதுவும் பிழையன்று.

‘ஃபுட்பிரிண்ட்’ என்னும் உருவகம், 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரீஸும் அவருடைய மாணவர் மாத்திஸ் வாக்கர்நேகலும் வளர்த்தெடுத்த ‘சூழலியல் அடிச்சுவடு’ என்ற கருத்திலிருந்து வந்தது. ஒரு மக்கள்தொகையின் நுகர்வைத் தாங்க எத்தனை ஹெக்டேர் நிலமும் நீரும் வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள் என்பதால், பாதம் பதிந்த பரப்பு என்ற உருவகம் அங்கே அப்படியே பொருந்தியது. கார்பனையோ எடையால் அளக்கிறோம். பரப்பு என்ற பொருள் நீங்கி, விட்டுச்சென்ற பதிவு என்ற பொருளே எஞ்சியது. இதனால்தான், பரவலாக வழங்கும் ‘கார்பன் தடம்’ என்பதைவிடக் ‘கரிமச் சுவடு’ பொருத்தமானது என்று கருதுகிறேன். தடம் என்றால் வண்டித்தடம்போலச் செல்லும் வழியும் நினைவுக்கு வரும். சுவடு, கடந்துபோனவர் விட்டுச்சென்றதை மட்டுமே சுட்டும்.

இச்சொல்லை ‘உமிழ்வு’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உமிழ்வது தன் வாயிலிருந்து வெளியேற்றுவது. சுவட்டிலோ நமக்காகப் பிறர் எரித்ததும் அடங்கும். பொறியாளர், மருத்துவர், கணக்காளர் போன்றோரின் தொழில்முறைச் சங்கங்களை எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். அவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது. அலுவலகமும் சில ஊழியர்களுமே உண்டு. ஆனால் ஆண்டு மாநாட்டுக்கு உறுப்பினர்கள் மேற்கொள்ளும் விமானப் பயணம், தங்கும் விடுதி, அச்சிட்டு அனுப்பும் இதழ்கள், தேர்வு மையங்கள், ஓய்வூதிய நிதியின் முதலீடுகள் ஆகியவை அலுவலக மின்சாரத்தைவிடப் பன்மடங்கு கனக்கக்கூடும்.

அமைப்புகள் தம் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும், 2001இல் வெளியான பசுங்குடில் வாயு நெறிமுறை இக்கணக்கை மூன்று வரம்புகளாகப் பிரிக்கிறது. அமைப்பு தானே எரிப்பது முதலாவது. விலைக்கு வாங்கும் மின்சாரமும் வெப்பமும் இரண்டாவது. எஞ்சிய மறைமுக உமிழ்வுகள் அனைத்தும் மூன்றாவது. ஒரு சங்கத்தின் காலநிலை உறுதிமொழியைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியது இந்த மூன்றாம் வரம்பைத்தான். முதலிரண்டை மட்டும் எண்ணிவிட்டு ‘எங்கள் கரிமச் சுவடு பாதியாகிவிட்டது’ என்று அறிக்கை வெளியிட்டால், அங்கே சொல் தவறாக ஆளப்பட்டிருக்கிறது. ‘அலுவலக உமிழ்வு பாதியாகிவிட்டது’ என்று எழுதுவதே சரி.