டவர் ஃபுல்லாக இருந்தும் பேச்சு ஏன் உடைகிறது?

"டவர் ஃபுல்லா காட்டுது சார், ஆனா நான் பேசறது அவங்களுக்குக் கேக்கல." மொபைல் டவர்களைப் பராமரிக்கும் எங்களிடம் வரும் புகார்களில் இது அடிக்கடி வருவது. போனில் தெரியும் கோடுகள், டவர் அனுப்புவது உங்களை எவ்வளவு நன்றாக வந்தடைகிறது என்பதை மட்டும்தான் காட்டும். நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பது தனிக் கணக்கு, அதற்கு எந்த போனிலும் கோடு கிடையாது.

டவர் உச்சியில் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும், ஆர்ஆர்யூ என்போம். அனுப்பும் சர்க்யூட், வாங்கும் சர்க்யூட் இரண்டும் அதற்குள்தான். கீழிருந்து ஃபைபரில் டிஜிட்டலாக வருவது அனலாகாக மாறி, 900 பேண்ட் என்றால் 935 முதல் 960 மெகாஹெர்ட்ஸுக்குள் ஏறி, பவர் ஆம்ப்ளிஃபயரில் 20, 40 வாட் அளவுக்குப் பெருகி, ஃபில்டரைத் தாண்டி ஆன்டெனாவுக்குப் போகும். வாங்குவதும் அதே ஆன்டெனாதான். போன்களிலிருந்து 890 முதல் 915க்குள் வருவதை டூப்ளெக்ஸர் பிரித்து எல்என்ஏ என்ற ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும், தன் பங்குக்கு இரைச்சலை அதிகம் சேர்க்காமல் பெருக்குவதுதான் அதன் வேலை.

4ஜி போன் அதிகபட்சம் அனுப்புவதே 0.2 வாட். சுவரும் மரமும் தாண்டி டவருக்கு வந்து சேரும்போது அது மைனஸ் 100 டிபிஎம் (பவரை அளக்கும் அலகு, மைனஸ் கூடக் கூட பவர் குறைவு), சில சமயம் அதற்கும் கீழே. வெளியே போகும் 40 வாட்டோடு ஒப்பிட்டால் நான்கு கோடி கோடி மடங்கு சிறியது. இரண்டும் ஒரே ஆன்டெனாவில், ஒரே நேரத்தில்.

அதனால்தான் பெட்டியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் ஜம்பர் கேபிளின் கனெக்டரைக் குத்துமதிப்பாக முடுக்காதீர்கள், முறுக்கும் விசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் போடுங்கள் என்று டீமிடம் விடாமல் சொல்கிறேன். பழைய 7/16 டின் கனெக்டருக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வேண்டும். லூசாக இருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ, வெளியே போகும் இரண்டு அலைவரிசைகள் அந்த இடத்தில் கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்கும். 935ஐ இரண்டால் பெருக்கி 960ஐக் கழித்துப் பாருங்கள், 910 வரும். அது டவர் உங்களைக் கேட்கும் இடம்!

இதையாவது நாங்கள் ஏறிச் சரிசெய்துவிடலாம். கடையில் வாங்கி மாட்டும் சிக்னல் பூஸ்டர்தான் பெரிய தலைவலி. ஒரு ஜவுளிக்கடையின் பேஸ்மென்டில் மாட்டியிருந்தார்கள், மொட்டைமாடி ஆன்டெனாவும் உள்ளே இருந்த ஆன்டெனாவும் போதிய இடைவெளி இல்லாததால், மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்தால் கூவுமே, அப்படி ஓயாமல் கூவிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த செக்டர்களில் (ஒரு டவர் ஒவ்வொரு திசையிலும் கவனிக்கும் பகுதி) எல்லாம் இரைச்சல் அளவு ஏறிப்போயிருந்தது. திசை ஆன்டெனாவையும், எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று திரையில் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரையும் வைத்துத் தெருத்தெருவாகத் தேடிப் பிடித்தோம், பிளக்கைப் பிடுங்கிய நொடியில் திரையில் மேடு இறங்கியது.

இரைச்சல் 10 டிபி, அதாவது பத்து மடங்கு, ஏறினால் போனும் பத்து மடங்கு பவரில் கத்த வேண்டும். டவருக்குப் பக்கத்தில் இருப்பவர் சமாளித்துவிடுவார், பேட்டரி சீக்கிரம் தீரும், போன் சுடும், அவ்வளவுதான். எல்லையில் இருப்பவரின் போன் ஏற்கெனவே முழு பவரில் இருக்கும், அதற்கு மேல் கத்த முடியாது. அவர் 108க்கு அழைத்தாலும் போகாமல் போகலாம். கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது, அவருக்கு டவர் ஃபுல். லைசென்ஸ் இல்லாமல் இந்தப் பெட்டியை வைத்திருப்பதே குற்றம் என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை.

புகார் கொடுக்கும்போது "சிக்னல் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லையா, அவர்கள் பேசுவது உங்களுக்கா, எந்த இடம், எந்த நேரம் என்று சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போன் செட்டிங்ஸில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். பெரிய கடை, ஹாஸ்டல், மருத்துவமனை என்றால் கட்டடத்துக்குள் ஆன்டெனா போட்டுத் தரச்சொல்லி உங்கள் நெட்வொர்க் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.