சோளப் பாகில் பீர்

1516-ல் ஜெர்மனியின் பவேரியாவில் பீருக்குச் சட்டம் எழுதியவர்களிடம் பார்லியைத் தொடாமல் பீர் செய்யலாமா என்று கேட்டிருந்தால், கூடவே கூடாது என்றுதான் சொல்லியிருப்பார்கள். பார்லி, ஹாப்ஸ் (கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ), தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக் கூடாது என்பது அவர்கள் விதி. இன்றைக்கு அமெரிக்காவில், வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில், பார்லி ஒரு மணிகூட இல்லாத ஓர் அட்டைப்பெட்டி கிடைக்கிறது. பிரித்தால் இரண்டு ஜாடி வெள்ளைச் சோளப் பாகு (மக்காச்சோளம் அல்ல) இருக்கும், மொத்தம் 3 கிலோ. கூடவே கால் கிலோ மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி, புல் வாசம் அடிக்கும் பச்சை ஹாப்ஸ் உருண்டைகள், ஒரு பாக்கெட் உலர் ஈஸ்ட், கடைசியில் பாட்டிலில் சேர்க்க 140 கிராம் சர்க்கரை. இதிலிருந்து ஐந்து கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் பீர் வரும். அங்கே 1979 முதல் வீட்டு உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவதைக் கூட்டரசுச் சட்டம் அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் குற்றம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பெட்டியை வாங்குபவருக்கோ அவர் வீட்டில் யாருக்கோ பெரும்பாலும் சீலியாக் நோய் இருக்கும். உலக அளவில் நூற்றில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணிக்கிறார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள சில புரதங்களுக்குப் பொதுப்பெயர் குளூட்டன். பார்லியில் இருப்பது ஹார்டீன். இந்தப் புரதங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் அடிக்கடி வரும். நம் செரிமான நொதிகளுக்குப் புரோலினை ஒட்டிய இடத்தில் வெட்டவே வராது. அதனால் பெரிய துண்டுகள் அரைகுறையாகச் சிறுகுடல் வரை போய்ச் சேர்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்தத் துண்டுகளை எதிரியாக எடுத்துக்கொண்டு, சண்டையில் குடலின் சொந்தச் சுவரையே சிதைத்துவிடுகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய நீட்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. ரத்தசோகை, எடைக்குறைவு, ஓயாத வயிற்றுத் தொல்லை எல்லாம் அதன் பின்னால் வரும். மருந்து கிடையாது, வாழ்நாள் முழுக்க ஒதுக்க வேண்டியதுதான். பீரில் ஹார்டீன் குறைவாகவே மிஞ்சும். அந்தக் கொஞ்சமே இவர்களுக்குப் போதும்.

சரி, பார்லியை எடுத்துவிட்டுச் சோளத்தைப் போட்டுவிடலாமே? சோளப் புரதம் வேறு வகை, சீலியாக் உள்ளவர்களை அது தொந்தரவு செய்வதில்லை. ஆனால் அது அவ்வளவு லேசில் நடக்காது.

ஈஸ்ட் சர்க்கரையைத்தான் தின்னும், மாவுச்சத்தைத் தின்னாது. மாவுச்சத்து என்பது சர்க்கரைக் கண்ணிகள் கோத்த நீளமான சங்கிலி, அதை யாராவது வெட்டித் தர வேண்டும். தானியம் முளைவிடும்போது அந்த வேலைக்கான அமைலேஸ் நொதிகள் அதற்குள்ளேயே கிளம்பும். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே, அந்தக் கஞ்சி சாதாரண மாவுக் கஞ்சியைவிட நீர்த்திருப்பது இந்த நொதியால்தான். பார்லியையும் அப்படித்தான் முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்குகிறார்கள்.

பார்லி மால்ட்டின் சாமர்த்தியம் வெப்பநிலையில் இருக்கிறது. மாவுச்சத்துத் துகள்கள் வெந்து குழைந்தால்தான் நொதி உள்ளே புக முடியும். பார்லியில் இது 60 முதல் 65 டிகிரி செல்சியஸிலேயே நடந்துவிடுகிறது. சங்கிலியின் முனையிலிருந்து மால்டோஸ் சர்க்கரையாக நறுக்கித் தரும் பீட்டா அமைலேஸுக்கும் பிடித்த சூடு அதேதான். 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் தண்ணீர் தித்திப்பாகிவிடும். வெளியிலிருந்து எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.

சோளம் இதற்கு வளையாது. அதன் மாவுச்சத்து குழைய 70 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ போக வேண்டும். அந்தச் சூட்டில் பீட்டா அமைலேஸ் வேகமாகச் செத்துப்போகும். சோள மால்ட்டில் அந்த நொதி முதலிலேயே குறைச்சல். சூட்டைக் கூட்டினால் நொதி போச்சு, குறைத்தால் மாவு வேகாது. 1988-ல் நைஜீரியா பார்லி மால்ட் இறக்குமதியைத் தடை செய்தபோது அங்கிருந்த பெரிய பீர் ஆலைகள் எல்லாம் இந்தச் சிக்கலில்தான் மாட்டின. வெளியில் தயாரித்த நொதிகளைச் சேர்த்துச் சமாளித்தார்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் சோள பீர் மிகப் பழையது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அது கலங்கலாக, புளிப்பாக, நுரைத்துக்கொண்டிருக்கும்போதே குடிப்பது. கண்ணாடிக் கிளாஸில் பளிச்சென்று நிற்கும் பீர் வேறு கதை.

நம் பெட்டியில் இருக்கும் பாகு அந்தச் சிக்கலைத் தாண்டி வந்தது. ஆலையிலேயே சோள மாவை வேகவைத்து, நொதி சேர்த்து வெட்டி, வடிகட்டிச் சுண்டவைத்துவிடுகிறார்கள். ஆக, ரசாயனத்தின் கஷ்டமான பாதி ஜாடிக்குள்ளேயே முடிந்துவிட்டது. அடுப்படியில் மிச்சம் இருப்பது கொதியும் ஈஸ்ட்டும்தான்.

கொதிக்கும் தண்ணீரில் பாகை ஊற்றும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். தேனைவிடக் கெட்டியான சரக்கு, நேரே அடியில் போய்ப் படுத்துக் கருகும். கலக்கிய பிறகு மறுபடி தீ வைத்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். கிருமி சாவது ஒரு காரணம். இன்னொன்று ஹாப்ஸ். அதிலுள்ள ஆல்பா அமிலங்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது. நீண்ட நேரக் கொதியில் அவற்றின் அணு அடுக்கு மாறி, கரையக்கூடிய கசப்பாகின்றன. கடைசி ஐந்து நிமிடத்தில் போடும் ஹாப்ஸ் கசப்பை அதிகம் தராது, வாசனையைத் தரும்.

பிறகு 20 டிகிரிக்குச் சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட்டைத் தூவ வேண்டும். மறுநாளுக்குள் மூடியின் காற்றடைப்பில் குமிழி கிளம்பும். ஒவ்வொரு குளூக்கோஸ் மூலக்கூறும் இரண்டு எத்தனாலாகவும் இரண்டு கார்பன் டை ஆக்ஸைடாகவும் பிரிகிறது. எவ்வளவு முடிந்தது என்று பார்க்க, தண்ணீரை 1 என்று வைத்து அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுவார்கள். தொடக்கத்தில் 1.052 காட்டி, இரண்டு வாரம் கழித்து 1.012-ல் அசையாமல் நின்றால், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்: சுமார் 5.2 சதவீத ஆல்கஹால். அளவு நிலைக்கும் முன்பே அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைத்தால் வாயு உள்ளேயே பெருகிப் பாட்டில் வெடிக்கும். அந்த 140 கிராம் சர்க்கரை பாட்டிலுக்குள் இருக்கும் ஈஸ்ட்டுக்குக் கடைசித் தீனி. அதன் எடையில் ஏறக்குறைய பாதி வாயுவாகிப் பீரில் கரையும்.

இதுவரை எந்தப் பீருக்கும் பொது. பார்லி சும்மா கொடுத்த சில விஷயங்களைத் தனியாகத் தேட வேண்டியிருப்பதில்தான் இந்தப் பெட்டியின் குணம் தெரியும். ஈஸ்ட் பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும், அதாவது அமினோ அமிலங்கள். பார்லிச் சாற்றில் அவை தாராளம், சோளப் பாகில் அவ்வளவு இருக்காது. அரிசிப் பாகு கலந்தால் இன்னும் குறையும். பட்டினி கிடக்கும் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், பாதியில் படுக்கும், அழுகிய முட்டை வாசம் விடும். அதனால் கொதியின் முடிவில் அரை டீஸ்பூன் ஈஸ்ட் உணவு போடுவது நல்லது. மால்டோடெக்ஸ்ட்ரின் வேறு காரணத்துக்கு: அதன் சங்கிலிகள் ஈஸ்ட்டால் தின்ன முடியாத நீளம், அப்படியே தங்கி வாயில் ஒரு கனத்தைக் கொடுக்கும். அது இல்லாவிட்டால் பீர் சோடா மாதிரி இறங்கும்.

நுரைக்கு மட்டும் முழு மாற்று இல்லை. பார்லிப் புரதங்களும் ஹாப்ஸ் கசப்பும் சேர்ந்துதான் நுரைக்குமிழிக்கு உறுதியான தோல் போடுகின்றன. சோளப் பாகு பீரை ஊற்றினால் வெள்ளை நுரை பொங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரசரவென்று அடங்கிவிடும். சுவையில் லேசான புளிப்பும் தட்டும். நாலைந்து வாரம் பாட்டிலில் விட்டால் அது குறைகிறது என்பது பலரின் அனுபவம். பீர் வகைகளில் ஹாப்ஸ் தூக்கலான பேல் ஏல் இந்தப் பாகுக்கு ஏற்றது, மென்மையான லாகர் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது என் எண்ணம்.

குளூட்டன் குறைத்தது என்ற பெயரில் விற்கும் பீர்களை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவை பார்லி பீர்களே. புரோலின் இருக்கும் இடத்தில் வெட்டும் ஒரு பூஞ்சை நொதியைச் சேர்த்து ஹார்டீனைத் துண்டாக்கியிருப்பார்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஐரோப்பாவில் குளூட்டன் இல்லாதது என்றே எழுதலாம். அமெரிக்காவில் முடியாது. நொதித்த உணவில் உடைந்துபோன குளூட்டனைச் சரியாக அளக்க நம்பகமான முறை இல்லை என்பது அங்கே உணவு, மருந்துகளைக் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. 2020-ல் எடுத்த நிலைப்பாடு. துண்டுகள் சோதனைக்குச் சிக்காமல் போகலாம், குடல் கண்டுபிடித்துவிடலாம். சீலியாக் உள்ளவர் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அமெரிக்க விதிதான் சரியாகப் படுகிறது.

அதே கவனம் வீட்டிலும் வேண்டும். திரவ ஈஸ்ட் பலவற்றைப் பார்லிச் சாற்றில்தான் வளர்க்கிறார்கள். பெட்டியில் வரும் உலர் ஈஸ்ட் பொதுவாக வெல்லப்பாகுக் கழிவில் வளர்ந்தது, இருந்தாலும் பாக்கெட்டின் மேல் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. முன்பு பார்லி பீர் ஊறிய பிளாஸ்டிக் வாளியின் கீறல்களுக்குள்ளும் ரப்பர் குழாயிலும் என்ன ஒட்டியிருக்கும் என்று தேய்த்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பாத்திரம் எஃகு என்றால் கழுவிப் பயன்படுத்தலாம். வாளியும் குழாயும் புதிதாக வாங்கிவிடுங்கள், பெரிய விலை இல்லை.